கல் ஓடிய கால்மணி நேரம்

பதினாறாம் நம்பர் வீட்டுக்கு அந்த மாதிரிப் பெண்கள்
பிள்ளைகளோடு வரப்போகிறார்கள் என்றதும்
பேட்டையில் எங்கள் தெரு மனு எழுதியது.
"குடும்பமாக வாழ்வோர் பகுதி" என்று ஆரம்பம்.
மூன்றாவது கையெழுத்து என்னுடையது.
மாவுக் கையோடு போட்டேன்;
பேனா மைக்குப் பக்கத்தில் வெள்ளையாய் ஒரு பெருவிரல்.

ஆவுடையப்பன் அண்ணாச்சி கேட்கவில்லை.
"வௌவாலுக்கு விட்ட வீடுதான வே,
மனுசர் இருந்துட்டுப் போட்டும்" என்று
அட்வான்ஸ் வாங்காமல் சாவியைக் கொடுத்தார்.

போர்டு இல்லை. வாசலில் கோலம் உண்டு,
ஆனால் நாலு நாளைக்கொரு தரம் கை மாறும்.
ஒரு கை புள்ளி பிசகாது.
ஒரு கை கோட்டை முடிக்காமலே எழுந்து போயிருக்கும்.

மாவு மில் வைத்திருப்பவளுக்குத்
தெருவின் தலைக்கணக்கு தெரியும்.
ஞானசெல்வி டீச்சர் கொண்டுவரும் டின்னில்
வாரம் நாலு படி கோதுமை. திடீரென்று ஆறு.
கூடின இரண்டு படியும்
ராத்திரி பஸ்ஸில் வந்திருக்கும், செருப்பில்லாமல்.
ஒருநாள் கால் கிலோ கேழ்வரகு மட்டும், தனியாக.
இரண்டு தரம் சலித்துக் கொடுத்தேன்.
கைப்பிள்ளை என்று யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை
வரிசையாகச் சொல்லத் தெரியவில்லை.
மாடசாமி பள்ளிக்கூடச் சட்டைகளை
அரைக்காசுக்குத் தேய்த்தார்;
அதையும் வாங்காவிட்டால் டீச்சர் துணி அனுப்பமாட்டாராம்.
லூர்து ஆட்டோ ராத்திரி இரண்டு மணிக்கும் ஜங்ஷன் போய்வரும்.
செய்யதலி டீக்கடை நோட்டில் பேர் எழுதாத ஒரு பக்கம்.
எதிர்வீட்டு ராஜாமணி மட்டும்
அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறக்கவே இல்லை.

புரட்டாசியில் ஒரு செவ்வாய்.
சுரண்டைப் பக்கத்து ஆள், பைக்கில்.
நல்ல பேச்சு. நெற்றி நிறையத் திருநீறு.
ஹேண்டில்பாரில் சின்னச் செருப்பு ஒரு ஜோடி,
விலைச்சீட்டோடு ஆடிக்கொண்டிருந்தது.
"கோவிச்சுக்கிட்டு வந்துட்டா, பாத்தியளா?"
செல்லில் படம்.
மாடசாமி மேலப்பாளையத்துக்கு வழி சொன்னார்,
செய்யதலி டவுனுக்கு.
ராஜாமணி, திறக்காத ஜன்னலுக்குள்ளிருந்து:
"அது பூட்டிக் கெடக்க வீடு. வௌவாலுதான் இருக்கு."

கடைசியாக மில்லுக்கு வந்தார்.
படத்தில் இருந்த பிள்ளை
என் மிஷினுக்குப் பின்னால் கோணி மேல் இருந்தாள்,
டின் மூடியை நெஞ்சோடு பிடித்தபடி,
முடியெல்லாம் மாவு.

சுவிட்சைப் போட்டேன்.
தொட்டியில் ஒரு மணி கோதுமை இல்லை.
வெறுங்கல்லை ஓட்டக்கூடாது, கல் கல்லைத் தின்னும்.
தின்னட்டும்.
அவர் உதடு அசைந்தது;
காதைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தேன்.
கருகின வாடை வந்தது.
அவர் நின்றார். நானும் நின்றேன்.
கால்மணி நேரம், தெரு முழுக்க அந்த அலறல்.

பைக் போனபின்னும் நிறுத்தப் பயமாக இருந்தது.
நிறுத்தியதும் அவள் கேட்டாள்:
"அந்தச் செருப்பு எனக்கா அத்தே?"
பதில் தெரியாமல்
அவள் வீட்டுக் கோதுமையைக் கொட்டி அரைத்தேன்.
மாவில் கல்லுப்பொடி நெறுநெறுத்தது,
அதைக் கீழே கொட்டிவிட்டு என் மூட்டையிலிருந்து அளந்தேன்.

கல் கொத்த எழுநூறு ஆயிற்று.
டீச்சர் தன் கணக்கில் எழுத நோட்டோடு வந்தார்.
எழுதாதிய என்றேன்.

மனுவைத் திரும்ப வாங்கப் போனேன்.
கொடுத்த காகிதம் திரும்பாதாம்.
வேண்டுமானால் எதிர்மனு கொடுக்கலாமாம்.
கொடுத்தேன். ராஜாமணி வரமாட்டேன் என்றுவிட்டாள்.
அதிலும் மாவு.

இன்னொன்று.
பதினாறு என்றேனே, அது நம்பர் இல்லை.
தெரு பேட்டையிலும் இல்லை.
ஆத்துக்கு இந்தக் கரை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று டின்னில் ஏழு படி.